டிக்கெட் ஏறியது, ஆள் ஏறவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த என் மகள், கைப்பையிலிருந்து ஓர் அட்டைத் துண்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "அம்மா, இது என்னான்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். விரல் நீளம்கூட இல்லாத மஞ்சள் அட்டை. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, ரயில் டிக்கெட். எங்கள் கல்லுக்குழி ஸ்டேஷனில் இப்போது விற்கிறார்களாம். மூடிக் கிடந்து பாம்பு குடியேறிய கட்டடத்தைப் புதுப்பித்து, வண்ணம் அடித்து, 'பாரம்பரிய நிலையம்' என்று பலகை மாட்டி, பழைய ரயில்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குள் காப்பிக்கடை திறந்திருக்கிறார்கள். இவள் கூட்டாளிகளோடு போய்க் காப்பி குடித்து, படம் பிடித்து, எனக்காக ஒரு டிக்கெட்டும் வாங்கி வந்திருக்கிறாள்.

"நீங்க பொறந்து வளந்த எடமாச்சே, சந்தோசப்படுவீங்கன்னு வாங்குனேன்லா."

சந்தோஷமா? எனக்கு வந்த கோபத்தில் அந்த அட்டையை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். பிள்ளை ஆசையாக வாங்கி வந்தது என்பதால் பேசாமல் எடுத்து மோந்து பார்த்தேன். மகள் சிரித்தாள். சிரிக்கட்டும். அதில் ஒரு வாசனையும் இல்லை. பழைய டிக்கெட்டுக்கு வாசனை உண்டு. பசையும் மையும் கொஞ்சம் இரும்புத் துருவும் கலந்த வாசனை. தேதி குத்துகிற இரும்பு மெஷினில் அதைச் செருகினால் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தச் சத்தத்தோடுதான் எனக்குப் பொழுது விடிந்தது.

அப்போது நான் தம்பின் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் சேலையை விரித்துக் காட்டுவதும், வாங்காமல் போகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே அதைத் திரும்ப மடித்து வைப்பதும்தான் என் உத்தியோகம். முணுமுணுப்பதில் எனக்கு இருந்த திறமை மடிப்பதில் இருந்ததில்லை என்று முதலாளியம்மா சொல்வார். அலோர் காஜாவுக்கு அந்தப் பக்கம், செம்மண் பாதையின் கடைக்கோடியில் எங்கள் ரப்பர்த் தோட்டம். கம்பெனி கைமாறும்போதெல்லாம் அதன் இங்கிலீஷ் பெயரும் மாறியது. நாங்கள் மட்டும் எப்போதும் கல்லுக்குழித் தோட்டம் என்றுதான் சொன்னோம். ஸ்டேஷன் பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருந்தது. எங்களுக்கு அது கல்லுக்குழி டேசன். தோட்டத்துக்குள் பஸ் வராது. மழை பெய்தால் மோட்டார் சைக்கிளும் வராது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று நின்று போகும் இரண்டு பெட்டி மெதுவண்டிதான் எங்களுக்கு எல்லாமும். மேல்படிப்புப் பிள்ளைகள் அதில்தான் போனார்கள், நோயாளிகளும் அதில்தான் போனார்கள். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவதும் அதில்தான்.

மலாக்காவுக்கு ஏன் ரயில் இல்லை என்று இன்றைக்குப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் இருந்தது. எங்கள் பெரிய லைனிலிருந்து தம்பினில் பிரிந்து மலாக்கா வரைக்கும் ஓடியது. சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் வந்தான், தண்டவாளக் கம்பியைப் பிடுங்கி சயாமில் ரயில் போடக் கொண்டு போனான், கம்பி போட ஆளையும் தோட்டத்திலிருந்தே பிடித்துக்கொண்டு போனான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சயாமுக்கு ஆள் கொடுக்காதது ஒன்றுகூடக் கிடையாது. ஆளும் திரும்பவில்லை, கம்பியும் திரும்பவில்லை. அதனால் ரயில் விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம் ரத்தத்திலேயே ஊறியிருந்தது. ஒரு தடவை போனால் போனதுதான், எவனும் திருப்பித் தரமாட்டான். பின்னால் நாங்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் அந்தப் பயம்தான் காரணம்.

டிக்கெட் கொடுத்தவர் தேவசகாயம் சார். உண்மையில் அவர் ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, அதற்குக் கீழே ஏதோ ஒரு கிரேடு. மாஸ்டரை எப்போதோ எடுத்துவிட்டு, டிக்கெட், கொடி, கூட்டுவது, விளக்குப் போடுவது எல்லாவற்றையும் இவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஆனால் தொப்பியை மாஸ்டர் மாதிரிதான் வைத்துக்கொள்வார், ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து. தங்கமான மனிதர் என்றெல்லாம் சொல்லமாட்டேன். சிடுமூஞ்சி. பிளாட்பாரத்தில் எச்சில் துப்பினவனை ஓட ஓட விரட்டுவார். தோட்டத்து ஆடுகளோடு அவருக்கு ஆயுள் பகை. அவர் நட்ட காகிதப்பூச் செடியை அவை மொட்டை அடிப்பதும், இவர் பச்சைக்கொடிக் குச்சியோடு அவற்றைத் துரத்துவதும் தினமும் நாங்கள் டிக்கெட் இல்லாமல் பார்த்த படம். அவர் மனைவி எலிசபெத் அக்கா அதற்கு நேர்மாறு. கிறிஸ்மஸுக்கு லயம் முழுக்கப் பலகாரம் அனுப்புவார். தீபாவளிக்கு நாங்கள் அனுப்புகிற முறுக்கைத் தின்றுகொண்டே சார், "உப்பு சாஸ்தி" என்பார். தட்டு மட்டும் காலியாகத் திரும்பி வரும்.

அப்படிப்பட்டவருக்காகத் தோட்டமே ஏன் உருகியது என்றால், அதற்கு அஞ்சலைப் பெரியம்மாவைச் சொல்ல வேண்டும். சொந்தப் பெரியம்மா இல்லை, தோட்டத்துக்கே பெரியம்மா. ரப்பர்ப் பால் வெட்டுகிறவர். ஆம்பளைச் சட்டையும் பூட்ஸும் போட்டு நடந்தால், வேலை வாங்குகிற மண்டோரே ஒதுங்கி வழிவிடுவான். அவர் மகளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று பாதை முழுக்கச் சேறு. தோட்டத்து லோரி பாதியில் புதைந்துவிட்டது. ஆறு பேர் சேலையில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடி வருகிறார்கள், ரயில் வந்து நின்றாகிவிட்டது. டிரைவர் ஹாரன் அடிக்கிறான். சார் பச்சைக்கொடியைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு, வேட்டி கட்டிய வாத்தியார் மாதிரி சாவகாசமாகப் பிளாட்பாரத்தில் உலாத்துகிறார். "கொடிய காட்டு மேன்!" என்று டிரைவர் கத்துகிறான். "காட்டுவேன். கண்ணாடி தொடச்சிட்டுக் காட்டுவேன்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். பெண்ணை ஏற்றிய பிறகுதான் கொடி வெளியே வந்தது. பிள்ளை தம்பின் ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெரியம்மா நன்றி சொல்லப் போனபோது, "ஆட்ட மொதல்ல கட்டிப் போடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

சில வருஷம் கழித்து அந்தப் பேச்சு கிளம்பியது. சின்ன ஸ்டேஷன்களையெல்லாம் மூடப் போகிறார்களாம். யாரோ மேலாபீஸ் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூடினால் நாங்கள் நடுக்காட்டில். சாருக்கோ பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. மூடினால் என்ன ஆகுமென்று அவருக்கே தெரியாது, வீடும் ரயில்வே வீடு. ஒரு சாயங்காலம் நான் வண்டியிலிருந்து இறங்கும்போது பெரியம்மா டிக்கெட் ஜன்னல் முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நெசமா மூடுறாங்களா சார்?"

"டிக்கெட் வித்தா டேசன் இருக்கும். விக்கலன்னா மூடுவான். அவ்ளோதான். என்னை என்னா பண்ணச் சொல்றீங்க?"

"டிக்கெட் வித்தாப் போதுமா?"

"போதும் போதும். போங்க, ஆடு வருது பாருங்க."

எரிச்சலில் சொன்ன வார்த்தை. பெரியம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனார்.

எங்கள் தோட்டத்தில் கூட்டுக் கட்டாத பெண் கிடையாது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, முறைவைத்து ஒருத்தி மொத்தமாக எடுத்துக்கொள்வது. லயத்தில் இருந்த பிரிட்ஜ், தையல் மெஷின், பெண்பிள்ளைகளின் தோடு எல்லாம் கூட்டில் வந்தவைதான். பெரியம்மாதான் கூட்டுத் தலைவி. அன்றைக்கு ராத்திரியே புதிதாக ஒரு கூட்டு ஆரம்பமானது. யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்காத கூட்டு. வீட்டுக்கு ஒரு முறை. முறை வருகிற அன்று அந்த வீட்டுக்காரி ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் வாங்க வேண்டும். உலகத்தில் வேறு யாருக்காவது இந்த யோசனை வருமா, நீங்களே சொல்லுங்கள்.

முதல் நாள் நான் அங்கே இருந்தேன். சீக்கிரமே போய்ப் பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து தலை பின்னுவது என் வழக்கம். வேலைக்குப் போகிற வழியில் பெரியம்மா பூட்ஸ் காலோடு வந்து ஜன்னலைத் தட்டினார்.

"சார், தம்பினுக்கு ஒன்னு."

"இன்னிக்கிப் பெரட்டு இல்லயா? எங்க போறீங்க?"

"எங்கயும் போகல சார். டிக்கெட் மட்டும்தான்."

சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னா வெளையாட்டு இது?"

"வாங்குனா ஏறித்தான் ஆவணும்னு ரூல்ஸ் இருக்கா?"

அப்படி ஒரு ரூல்ஸ் அவருக்குத் தெரிந்து இல்லை. ஒரு டிக்கெட் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெஷினில் செருகினார். டொக்.

அதற்குப் பிறகு தினமும் நடந்தது. பெரட்டு என்றால் விடியற்காலையில் வேலைக்காட்டில் ஆள் கணக்கெடுப்பது. அதற்குப் பிந்தினால் அன்றைய கூலி போச்சு. அதனால் ரயிலுக்குக் காத்திருக்க ஒருத்திக்கும் நேரம் கிடையாது. பால் வாளியும் தலையில் கட்டிய துண்டுமாக வந்து, டிக்கெட்டை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு காட்டுக்கு ஓடுவார்கள். சாயங்காலம் பெரியம்மாவிடம் ஒப்படைப்பார்கள். அவர் அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு சாமி மேடைக்குக் கீழே வைத்திருந்தார். மூடியில் ஒரு குங்குமப் பொட்டு. ஏறாத டிக்கெட்டை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய எதையும் தோட்டத்துப் பெண்கள் தூக்கிப் போட்டதில்லை.

சாருக்குத் தெரியாமல் இருந்ததா? எல்லாம் தெரியும். ஆனால் அந்த மாதங்களில் அந்த மனிதர் மாறிப்போனார். பிளாட்பார ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார். விளக்குக் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு ஒரு நாள் "இன்னிக்கிச் சட்டை நல்லாருக்கு" என்றார், நான் அரண்டுபோனேன். ஆடுகளைக்கூடத் திட்டவில்லை. வேலை செய்யும் இடம் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு சிடுமூஞ்சி நம்ப ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

ரயிலில் வருகிற கார்டு ஒருவன் எங்கேயோ கடையில் உட்கார்ந்து சிரித்திருக்கிறான். "கல்லுக்குழியில டிக்கெட் ஏறுது, ஆள் ஏறல." சிரிப்பு கைமாறிக் கைமாறி மேலே போனது. மேலே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். சாரின் மேசையையே தூக்கி வந்து பிளாட்பாரத்தில் போட்டு விசாரணை. நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பெண்கள் காட்டிலிருந்து அப்படியே வந்து நின்றார்கள், அந்த இடமே ரப்பர்ப் பால் நாற்றம். பெரிய அதிகாரியின் நெஞ்சில் இருந்த பெயரைப் பார்த்தால் நம்மாள்தான். ஆனால் ஒரு வார்த்தை தமிழில் பேசவில்லை. மலாய் தெரிந்தவள் என்று என்னை நடுவில் நிறுத்திப் பேச்சை மாற்றிச் சொல்ல வைத்தார். வராத பயணிகளை வந்ததாகக் காட்டி, ஸ்டேஷனை மூடவிடாமல் ஏமாற்றினார் என்பது சார் மேல் குற்றம். அந்த டிக்கெட்டுகளை அவரே வாங்கிக்கொண்டிருப்பார் என்று சந்தேகம் வேறு.

சார் எழுந்து நின்று, பெண்களுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே அதிகாரியிடம் சொன்னார்: "வித்தது நான். வாங்குனது அவங்க. ஏறுறதும் ஏறாததும் அவங்க இஷ்டம் துவான்."

நான் இதை மாற்றிச் சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மாவைக் காணவில்லை. லயத்துக்கு ஓடிப்போய் டின்னைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். சார் அதைப் பார்த்துவிட்டார். "வேணாம்! கொண்டு போங்க அத!" என்று கத்தினார். பெரியம்மாவுக்கு அது வழக்கமான சிடுசிடுப்பாகத்தான் பட்டது. அவர் பாட்டுக்கு வந்து மூடியைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார். மஞ்சள் அட்டைகள் குவிந்தன. சில சரிந்து கீழே விழுந்தன, பெண்கள் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள்.

"சாரு ஒன்னுகூட எடுக்கல. எல்லாம் நாங்க வாங்குனது. இந்தாங்க, பாத்துக்குங்க."

அதிகாரி ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ரயிலில் ஏறியிருந்தால் கார்டு அதில் ஓட்டை போட்டிருப்பான். இன்னொன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். "எதிலும் ஓட்டை இல்லையே" என்றார். நான் அப்படியே தமிழில் சொன்னேன்.

"ஆமா துவான்! ஒன்னுலகூட இல்ல. எல்லாம் புதுசு மாரியே வச்சிருக்கோம்லா" என்றார் பெரியம்மா, முகமெல்லாம் பெருமை.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். வேறு சாட்சியே வேண்டியிருக்கவில்லை. அவர்கள் தேடி வந்த குற்றத்தை நாங்களே பொட்டு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தோம். அதிகாரி டின்னோடு எடுத்துப் போனார். சார் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வேலையை விட்டு நிறுத்தினார்கள். பென்ஷன் பற்றிக் கடைசி வரை ஒரு நல்ல பதில் வரவில்லை. ஏமாற்றுக்காரன் என்ற பெயர் மட்டும் உடனே வந்தது. பெரியம்மா தினமும் சாயங்காலம் சோறு எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். சார் கதவைத் திறக்கவே இல்லை. சாமான் ஏற்ற லோரி வந்த அன்று எலிசபெத் அக்கா வெளியே வந்தார். எப்போதும் மெதுவாகப் பேசுகிற பெண் அன்றைக்குப் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"வாங்குனதுதான் வாங்குனீங்க, ஒரு டேசன் தூரம் ஏறிப் போயித் தொலைஞ்சிருக்கலாம்லா!"

பெரியம்மாவின் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆனாலும் உண்மையைத்தான் சொன்னார். "பெரட்டுக்கு யாரும்மா போறது?"

இரண்டு பேருமே சொன்னது சரிதான். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. டிக்கெட் வாங்க அந்தப் பெண்களிடம் காசு இருந்தது, ஏறிப் போக நேரம் இருக்கவில்லை. அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவனுக்கும் இது புரியவில்லை. விசாரணை அன்றைக்கே நான்தான் மலாயில் எடுத்துச் சொன்னேனே, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த வருஷக் கடைசியில் ஸ்டேஷனை மூடினார்கள். மெதுவண்டி நிற்காமல் போனது, பிறகு வராமலே போனது. நான் அலோர் காஜாவில் ஒரு வாடகை அறை பிடித்துக்கொண்டேன். பையன்களும் குமரிகளும் பத்து பெரெண்டாம் என்ற ஊரின் பேக்டரி பஸ் ஏறினார்கள். தோட்டம் விற்கப்பட்டது, லயம் இடிக்கப்பட்டது. பெரியம்மா மலாக்காவில் மகள் வீட்டு மாடியில், லிப்ட் கெட்டுப்போன ஏதோ ஓர் உயரத்தில், கீழே இறங்க முடியாமல் இருந்து செத்தார். சார் மெர்லிமாவில் மகளோடு இருந்தார். ஒரு பேரங்காடி வாசலில் ஜாகாவாக, காவல் வேலை பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். அவரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எலிசபெத் அக்கா மட்டும் இருக்கிறார்.

மகள் டிக்கெட்டோடு வந்த மறுநாளே அவளை இழுத்துக்கொண்டு கல்லுக்குழிக்குப் போனேன். பாதைக்குத் தார் போட்டிருந்தார்கள். ரப்பர் இருந்த இடத்துச் செம்பனைத் தோட்டத்தைத் தாண்டினால் வரிசையாகப் புது வீடுகள். ஸ்டேஷன், கண் பட்டுவிடும் போல, அழகாக இருந்தது. சுவரில் வெள்ளைக்கார துரைகளின் படங்கள். எங்கள் ஆட்களுக்கும் ஒரு படம் உண்டு, கம்பி தூக்கிக்கொண்டு முதுகு காட்டி நிற்கிறார்கள். சார் பெயர் எங்குமே இல்லை. டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பிஸ்கட் டின். மூடி திறந்திருந்தது, குங்குமப் பொட்டு கருத்துப்போய் ஒரு கறை மாதிரி ஒட்டியிருந்தது. எதிரே மஞ்சள் அட்டைகளை விசிறி மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். கீழே மலாயிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்ததன் அர்த்தம் இதுதான்: 'பயன்படுத்தப்படாத பழைய டிக்கெட்டுகள். ஓட்டை போடப்படாதவை. கிடைத்தற்கரிய தொகுப்பு.'

கண்ணாடியின்மேல் கையை வைத்துக் குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தேன். மகள், "என்னம்மா?" என்றாள். அவளை அங்கேயே விட்டுவிட்டு டிக்கெட் வரிசையில் போய் நின்றேன்.

ஜன்னலுக்குள்ளே, சாரின் இடத்தில், பழைய காலத் தொப்பி வைத்த ஒரு தமிழ்ப் பையன். வரிசையில் என் முறை வந்தது.

"எத்தனை டிக்கெட் ஆன்ட்டி?"

"ரயில் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் புதுப் பாதையில் மின்சார ரயில் ஒன்று நிற்காமல் போனது. "இங்க ரயில் வராது ஆன்ட்டி. டிக்கெட் மட்டும்தான்."

"யாரும் ஏறாத டிக்கெட்டையா விக்கிற?"

"ஆமாலா. நல்லா ஓடுது. சனி, ஞாயிறுல கியூ வெளிய வரைக்கும் நிக்கும். அதனாலதான இந்த எடம் இன்னும் தொறந்திருக்கு" என்றான். அவன் தலைக்கு மேலே சுவரில் அவனுடைய படமே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. இந்த மாதத்தின் சிறந்த ஊழியர். டிக்கெட் அதிகம் விற்றதற்காம்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் வயிற்றுப்பாட்டுக்கு விற்கிறான். அவனிடம் தேவசகாயம் சார் என்று ஒருத்தர் இங்கே இருந்தார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பின்னால் நின்றவர்கள், "ஆன்ட்டி, கொஞ்சம் சீக்கிரம்லா" என்றார்கள். வழிவிட்டு ஒதுங்கினேன். அவன் அடுத்த அட்டையை எடுத்து மெஷினில் செருகினான்.

டொக். அதே மெஷின்தான்.